அவன் அழுத பக்கங்கள்

பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் சிட்டுவுக்குப் பாடமாக வைத்திருந்த நாவல் தலையணை கனம் இருந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கிய அன்றைக்கே பின்வரிசை நெட்டையன், "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்களே வளர்ந்து பெரியவங்களாயிடுவோம் டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். "அதுக்குத்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

ஒரு பையன் வளர்ந்து ஆளாகும் கதை. மலையடிவாரத்துச் சிற்றூரில் ரொட்டி சுடுகிறவரின் மகன் அவன். மாவும் அடுப்புமாகவே ஆயுள் முடிந்துவிடுமோ என்று பயந்து, நிலப்படம் வரையக் கற்றுக்கொள்ள ஒரு விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பெரிய நகரம், பசி, ஒரு காதல், ஒரு துரோகம், கொஞ்சம் புகழ் என்று போகும். எத்தனையோ தலைமுறை படித்துப் படித்து அழுத நாவல் என்று முன்னுரையில் போட்டிருந்தது.

சிட்டுவுக்கு அந்தப் புத்தகத்தின் அட்டை மட்டும் ஏற்கெனவே பழக்கம். அண்ணன் அதே பள்ளியில் அதே வகுப்பில் இருந்தபோது அதைக் கையை விட்டு இறக்காமல் திரிந்தான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பான். கடையில் சலவைக்குப் போட்ட துணியை வாங்க வந்தவர்கள் ரசீதை நீட்டிக்கொண்டு நிற்க, அவன் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பான். அப்பா கத்துவார். அம்மா, "படிக்கிற பிள்ளையைக் கத்தாதீங்க" என்று குறுக்கே வருவாள். "அவன் வீட்டை விட்டுக் கிளம்பற இடம் இருக்கே சிட்டு, நீ பெரியவளானதும் படிச்சுப் பாரு. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு எனக்கு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அப்போது விளையாட்டுப் புத்தி. சிலிர்ப்பது என்றால் ஜுரமா என்று கேட்டாள்.

அவர்களுடையது சலவைக் கடை. கீழே கடை, மேலே வீடு. முன்பக்கம் துணி வாங்கும் மேசை, பின்பக்கம் இரண்டு இயந்திரங்கள், அவற்றுக்கு அப்பால் அப்பா நின்றுகொண்டே வாழ்ந்த நீராவி இஸ்திரிப் பலகை. தேய்த்த உடுப்புகள் கண்ணாடிக் காகித உறை போட்டு, கம்பியில் வரிசையாகத் தொங்கும். சட்டையின் காலருக்குள் துண்டுச் சீட்டைக் குத்துவது சிட்டுவின் வேலை. கறை நீக்குவது அம்மாவின் வேலை. மையா, ரத்தமா, எண்ணெயா என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள்.

மூக்குக்கண்ணாடித் தொழில் படிக்கப் போகிறேன் என்று அண்ணன் கிளம்பியபோது யாரும் தடுக்கவில்லை. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பெட்டியைச் சுமந்து பேருந்து வரைக்கும் போனார். முதலில் வாரந்தோறும் போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுத்தான். "வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்." அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானத்துக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள், நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போனாள். கடைசி நாட்களில் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். "பெரியவனா?" என்பாள். அப்பா குனிந்து அவள் காதருகே, "பஸ்ஸுல இருக்கான். வந்துட்டே இருக்கான்" என்பார். அதைக் கேட்டுக் கண்ணை மூடியவள் ஒரு நாள் திறக்கவில்லை. அதன் பிறகு அப்பா மகனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "எனக்கு ஒரே பொண்ணு" என்று சொல்லி இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்ப்பார்.

ஆகவே சிட்டு அந்த நாவலைச் சண்டை போடுகிற மனநிலையில்தான் திறந்தாள். பெற்றவர்களை விட்டுவிட்டு ஓடுகிறவனை உலகமே கொண்டாடுகிறதா, வா, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று. ஆனால் கிளம்புகிற அத்தியாயம் வந்தபோது நடந்தது வேறு. விடியலில் அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே அடி மேல் அடி வைத்து நடக்கிறான். அடுப்பறையில் அப்பன் இருமுகிறான். 'போயிடு, சீக்கிரம் போயிடு' என்று சிட்டுவின் வாய் முணுமுணுத்தது. அவன் கதவைத் தாண்டி வெளிக்காற்றை இழுத்து மூச்சு விட்டபோது இவளும் விட்டாள். உடனே புத்தகத்தை மூடிவிட்டாள். அம்மாவின் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்த நாவலில் அவனுக்கு ஒரு தங்கை உண்டு. மூன்று இடங்களில் வருகிறாள். ஓரிடத்தில் மாவு அப்பிய கையால் மூக்கைத் துடைக்கிறாள். ஓரிடத்தில் கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பப் போடுகிறாள். இன்னோர் இடத்தில், அவன் கனவில், எதுவும் பேசாமல் நிற்கிறாள். அவளுக்கு வயது என்ன, அவளுக்கு என்ன பிடிக்கும், ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் போட்டாள் என்றால் அவன் போனது அவளுக்குத் தெரியும் என்றுதானே பொருள்? தெரிந்தும் கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். அதை எழுதியவரே கவனிக்காமல் எழுதிவிட்டாரோ என்று சிட்டுவுக்குத் தோன்றியது.

அம்மா சாகிற செய்தி வரும் அத்தியாயத்தை ஆசிரியை வகுப்பில் வாய்விட்டுப் படித்தார். நகரத்தில், சந்தைக்கு வந்த சொந்த ஊர் வண்டிக்காரன் ஒருவன், "உங்கம்மா போய்ச் சேர்ந்தாளே, தெரியாதா?" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். கதாநாயகன் ஒரு சந்துக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுகிறான். 'தாயை இழந்த பிள்ளையைப் போல அல்ல, பிள்ளையை இழந்த தாயைப் போல அழுதான்' என்று இருந்தது. ரொட்டிக் கடையைத் தாண்டும்போது மணம் வந்து, மறுபடியும் அழுகிறான். பக்கம் பக்கமாக அழுகிறான். நெட்டையன்கூட மூக்கை உறிஞ்சினான்.

சிட்டு எழுந்தாள். "அந்தம்மா சாகறப்போ பக்கத்துல யார் டீச்சர் இருந்தாங்க?"

ஆசிரியை முன்னும் பின்னும் புரட்டினார். "அது எழுதலையேம்மா."

"தங்கச்சிதான் இருந்திருப்பா."

"இருந்திருக்கலாம். ஆனா இது அவனோட கதையில்லையா?"

சிட்டு உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தச் சுவரும் நெற்றியும் அவளை விடவில்லை. இந்த ஒரு வருடமாக அவள் அண்ணன்மேல் கோபமாக இருந்தாள். அம்மா சாவுக்கு வராதவன் என்று. இப்போதுதான் உறைத்தது. வராதவன் இல்லை, தெரியாதவன். போன் எண்ணே இல்லாதபோது யார் சொல்லியிருப்பார்கள்? எங்கேயோ ஒரு ஊரில், அம்மா உயிரோடு கறையை முகர்ந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பிலேயே அவன் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு உரிய அழுகை ஒன்று பாக்கி இருக்கிறது. வண்டிக்காரன் யாரோ சொல்வதைவிட அவளே போய்ச் சொல்வதுதான் முறை.

அம்மாவின் தங்கையான சித்தியைப் போய்ப் பார்த்தாள். சித்திக்கு உலகத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். உளவுத்துறையில் இருக்க வேண்டியவள், தப்பித் தையல் கடை வைத்திருக்கிறாள் என்று அப்பா சொல்வார்.

"அவனை எதுக்குடி தேடறே? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அம்மா செத்தது அவனுக்குத் தெரியாது சித்தி. சொல்லணும்."

சித்தி ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். நூல் நுழையவில்லை. மறுபடி எச்சில் தொட்டுக் கோத்தாள். சிட்டுவின் முகத்தைப் பார்க்காமலே ஊர் பெயரையும் கடைத்தெருவையும் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லாதே. எனக்கெதுக்கு வம்பு."

பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் பேருந்து ஏறினாள். நாவலைப் பையில் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்தாள். நேராகச் சொல்லக் கூடாது. முதலில் உட்கார வைக்க வேண்டும். தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவன் அழும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நாவல்காரன் தனியாக அழுததைப் போல இவனை விடக் கூடாது.

கண்ணாடிக் கடை பளபளவென்று இருந்தது. சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள், நடுநடுவே முகம் பார்க்கும் ஆடிகள். அண்ணன் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பை வளைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "இப்போ எப்படி இருக்கு சார்? அழுத்துதா?" என்று கேட்டான். குரலில் அப்படி ஒரு கனிவு. கொஞ்சம் சதை போட்டிருந்தான். நெற்றி ஏறியிருந்தது. சிட்டுவை ஆடியில்தான் முதலில் பார்த்தான். கை நின்றது. பிறகு பெரியவருக்கு மறுகாதையும் சரிசெய்து அனுப்பிவிட்டு வந்தான்.

"சிட்டு! எவ்வளவு வளர்ந்துட்டே."

உள்ளேயிருந்து இன்னொரு வெள்ளை மேலங்கிக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருப்பா, தெரிஞ்சவங்களா?"

"ஆமா, எங்க ஊர்ல பழக்கமானவங்க பொண்ணு" என்றான் அண்ணன். "ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

சிட்டுவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. யாரைச் சொல்கிறான் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் ஒரு தேநீர்க் கடை. மேசையில் வந்து உட்கார்ந்ததும் அவனே ஆரம்பித்தான். "தப்பா எடுத்துக்காதே. இங்க யாருக்கும் நம்ம வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவகிட்டயும் எனக்கு யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். அப்போ என்னமோ சுலபமா இருந்துச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"பரவாயில்லண்ணா" என்றாள். வாயில் வந்தது அதுதான். பிறகு தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். "நான் ஒண்ணு சொல்லணும். நீ மனசைத் திடப்படுத்திக்கணும். அம்மா..."

"தெரியும்" என்றான்.

அவள் பார்த்தாள்.

"சித்தி அன்னைக்கே போன் பண்ணிச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவும் சொன்னாங்க."

"சேர்த்தப்பவேவா?"

"ம்."

பேருந்தில் பழகி வந்த எந்த வாக்கியமும் இதற்குப் பொருந்தவில்லை. "ஏண்ணா வரல?" என்றாள் கடைசியில்.

அவன் தேநீரை ஆற்றினான். பொய் சொல்லப் பார்க்கிறவனைப் போலத் தெரியவில்லை. உண்மையாகவே யோசித்தான். "கிளம்பலாம்னுதான் நெனச்சேன். நாளைக்குப் போலாம்னு இருந்தேன். அப்புறம் போயிட்டாங்கன்னு சொன்னதும், இனிமே போயி என்ன பண்றது, எல்லாரும் என்னத்தான் பார்ப்பாங்கன்னு... தெரியல சிட்டு. அன்னைக்கும் கடைக்குத்தான் வந்தேன்."

"அழுதியா?"

"வரும்னு பார்த்தேன். வரல." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டவன் போலச் சிரித்தான். "எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

அவன் பொல்லாதவனாக இருந்திருந்தால் அவள் அந்தத் தேநீரை அவன் முகத்தில் ஊற்றியிருப்பாள். அவன் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான். அவளுக்கு இன்னொரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். அவள் கடைசி முயற்சியாகப் பையிலிருந்து நாவலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அட, இதுவா! இன்னும் இதைத்தான் வெச்சிருக்காங்களா?" முகம் மலர்ந்து கையில் எடுத்தான். "நான் இதை முழுசாப் படிக்கலையே. அவன் வீட்டை விட்டுக் கிளம்பற வரைக்கும்தான் படிச்சேன். அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பேன். அதுக்கப்புறம் ஒரே இழுவையா இருந்துச்சு, விட்டுட்டேன்." புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அப்புறம் என்னதான் ஆகுது அவனுக்கு?"

"நல்லா இருக்கான்" என்றாள் சிட்டு.

புது போன் எண்ணை வாங்கிக்கொண்டாள். கொடுக்கும்போது, "அவசரம்னா மட்டும் கூப்பிடு" என்றான். பேருந்து வரைக்கும் வந்து வழியனுப்பினான். ஜன்னல் ஓரத்தில் இடம் பார்த்து உட்கார வைத்தான். திரும்பி வருகிற வழியில் அவள் அழுதாள், அம்மாவுக்காகக்கூட இல்லை. அம்மாவுக்காக அழும் அண்ணன் ஒருவனை இத்தனை நாள் மனசுக்குள் வளர்த்து வைத்திருந்தாள். அவன் அந்தத் தேநீர்க் கடையில் செத்துப்போயிருந்தான். அவனுக்காகவும் யாராவது அழ வேண்டுமே.

கடையில் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை வகுப்பு இல்லைன்னு நெட்டையன் வந்து சொல்லிட்டுப் போறான். எங்கேம்மா போனே?"

அவளுக்கு மறைக்கத் தெம்பு இல்லை. "அண்ணனைப் பார்த்துட்டு வந்தேன்பா."

நீராவி புஸ்ஸென்று எழுந்து அடங்கியது. திட்டுவார் என்று நின்றாள். அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்பா. கண்ணாடிக் கடையில வேலை."

"உடம்பு?"

"கொஞ்சம் பூசினாப்ல இருக்கு. உங்களை மாதிரி நெத்தி ஏறிடுச்சு."

அப்பா தம் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி விரித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "அம்மா விஷயம் சொன்னியா? என்ன பண்ணினான்?"

சிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "அழுதான்பா."

"அழுதானா?"

"சுவத்துல நெத்தியை வெச்சுக்கிட்டு அழுதான். என்னால பிடிச்சு நிறுத்தவே முடியல. அப்புறம் தெருவுல நடக்கறப்போ எங்கேயோ சோப்பு வாசனை வந்துச்சு. அம்மா கை வாசனைன்னு சொல்லி மறுபடியும் அழுதான்."

சோப்பு அவளாகச் சேர்த்தது. மீதியெல்லாம் நாவலில் இருந்தது. அப்பா சட்டையின் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர்.

அந்த வாரம் வகுப்பில், 'கதாநாயகன் எந்தக் கட்டத்தில் முதிர்ச்சி அடைகிறான்?' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எல்லோரும் அழுகிற இடத்தைத்தான் எழுதினார்கள். சிட்டு எழுதியது இது: 'அவன் அழுததால் நாம் அவனை மன்னித்துவிட்டோம். அழ வராதவனை எப்படி மன்னிப்பது என்று இந்தப் புத்தகத்தில் இல்லை. அழ வராதவர்களைப் பற்றி யாரும் இவ்வளவு பெரிய நாவல் எழுதமாட்டார்கள். அவர்களுக்குத் தங்கைகள் மட்டும் உண்டு.' ஆசிரியை சிவப்பு மையில், 'நன்று. ஆனால் கேட்ட கேள்விக்கு இது விடையாகாது' என்று எழுதியிருந்தார்.

அப்பா மாறிப்போனார். 'ஒரே பொண்ணு' என்பது நின்றது. துணி வாங்க வருகிறவர்களிடம், "பெரியவன் வெளியூர்ல கண்ணாடிக் கடையில இருக்கான். அவங்கம்மான்னா உசுரு. விஷயம் தெரிஞ்சதும் சுவத்துல முட்டிக்கிட்டு அழுதானாம்" என்பார். நெற்றியை வைத்தது முட்டிக்கொண்டதாக மாறியது. இன்னொரு வாரம் ரத்தம்கூட வந்தது. சிட்டு காலரில் சீட்டுக் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஊசி விரலில் ஏறும்.

பரீட்சை முடிந்த மறுநாள் அப்பா தம்முடைய நல்ல சட்டையைப் பலகையில் விரித்தார். கஞ்சி போட்டு, கை மடிப்பு கத்திபோல நிற்கத் தேய்த்தார். "ஞாயித்துக்கிழமை போயி ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருவோம்மா. அவனா வரக் கூச்சப்படுவான். நாமளே போயிட்டா ஒண்ணுமில்ல பாரு."

சிட்டு மாடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும், "வேணாம் சிட்டு. வர வேணாம்னு சொல்லிடு. அவ முன்னாடி எனக்கு... ப்ளீஸ். ஏதாவது சொல்லிச் சமாளி. உனக்கு வரும்" என்றான். ஆமாம், அவளுக்கு வரும். வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், வேலை மாறிவிட்டான் என்று ஆயிரம் சொல்லலாம். படியில் இறங்கும்போதே இரண்டு மூன்று தயாராகிவிட்டன. சட்டையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைக் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"அப்பா, வர வேணாம்னு சொல்றான்."

"வேலையா?"

"இல்லப்பா. வர வேணாமாம்."

அப்பா புரியாமல் நின்றார். "அப்படி அழுதான்னு சொன்னியே?"

"அது அவன் இல்லப்பா. அது என் பாடப் புஸ்தகத்துல வர்ற பையன்."

அவர் சட்டையைத் தாழ்த்தவில்லை. வெளியே யாரோ மேசை மணியை அழுத்தினார்கள். இருவரும் போகவில்லை.

"அந்தப் பையனும் வீட்டை விட்டுப் போனவனா?"

"ஆமாம்பா."

"அவங்கம்மா செத்ததுக்கா அழுதான்?"

"ஆமா."

"நல்லா அழுதானா?"

"ரொம்ப நல்லா அழுதான்பா."

"எழுதினவன் நல்லா இருக்கட்டும்" என்றார் அப்பா. சட்டையைத் தாங்கியில் மாட்டி, கண்ணாடிக் காகித உறையைத் தலைவழியாகப் போட்டு இழுத்துவிட்டார். ஊரார் துணிகளுக்கு நடுவே கம்பியில் அதற்கு ஓர் இடம் விலக்கித் தொங்கவிட்டார். மணி மறுபடி அடித்தது. "யாரோ நிக்கறாங்க பாரும்மா" என்றார். சிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.